சின்னப் பைசாந்தியச் செப்புக்காசுகள்: பெயரைக் கடைசியில் தேடுங்கள்

கேள்வி சுருக்கமாக இது: வெளிநாட்டு ஏலத்தில் 'பைசாந்தியச் சில்லறை' (கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கீழை ரோமப் பேரரசின் சின்னக் காசுகள்) என்று 30 காசுகள் கொண்ட ஒரு பொட்டலம் வாங்கியிருக்கிறீர்கள். விட்டம் 9 முதல் 20 மி.மீ. வரை. எல்லாவற்றிலும் பச்சையும் கறுப்புமாகக் களிம்பு. படங்களில் அடிக்கடி பார்க்கும் பெரிய 'எம்' எழுத்து எதிலும் இல்லை, பேரரசர் பெயரையும் படிக்க முடியவில்லை. எங்கே தொடங்குவது?

பெயர் தெரியவில்லை என்று கவலைப்பட வேண்டாம். சின்னக் காசுகளில் பெயர் பெரும்பாலும் இருக்கவே இருக்காது. பொறிக்கும் அச்சைவிடச் செப்பு வில்லை சிறியதாக இருந்ததால், விளிம்பைச் சுற்றி வரும் எழுத்துகள் வில்லைக்கு வெளியே போய்விட்டன. மீதம் விழுந்த எழுத்துகளும் விளிம்பில் இருப்பதால் முதலில் தேய்கின்றன. பின்பக்கத்து நடு எழுத்து அப்படியில்லை. அது பெரியது, ஆழமாக வெட்டப்பட்டது, நடுவில் இருப்பதால் கடைசி வரை நிற்கும். ஆகவே எடை, விட்டம், பின்பக்க எழுத்து, அக்கசாலை (காசு அடித்த இடம்), முன்பக்க உருவம், பெயர் என்ற வரிசையில் போங்கள். பெயரிலிருந்து தொடங்குகிறவர்கள்தான் பாதி வழியில் விட்டுவிடுகிறார்கள்.

தேவையானவை கொஞ்சம்தான். 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசு, விட்டம் அளக்க ஒரு வெர்னியர் அளவுகோல், 10 மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ், சின்ன டார்ச், காய்ச்சி வடித்த நீர். டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் காசின் பக்கவாட்டில், கிட்டத்தட்ட மேசையோடு ஒட்டிப் பிடித்துக் காசைச் சுழற்றுங்கள். தேய்ந்த கோடுகூட நிழல் விழுந்து தெரியும். நீரில் நனைத்த காசில் களிம்பின் நிற வேறுபாடு தெளியும் என்பதால் சில எழுத்துகள் ஈரத்தில் மட்டுமே படிக்கக் கிடைக்கும்.

கழுவுவது பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான சேதம் இந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது. குத்துவிளக்கையும் செப்புக் குடத்தையும் துலக்குவது போலப் புளி, எலுமிச்சை, வினிகர் எதையும் இவற்றில் போடாதீர்கள். 1,500 ஆண்டுப் பழைய காசில் உருவம் பல இடங்களில் களிம்பின் மேற்பரப்பில்தான் இருக்கிறது, அடியில் இருக்கும் உலோகத்தில் இல்லை. அமிலம் களிம்பைக் கரைத்தால் உருவமும் சேர்ந்து போகும், கையில் சிவந்த குழிவிழுந்த வில்லைதான் மிஞ்சும். காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, சில நாட்களுக்கு ஒருமுறை நீரை மாற்றி, மென்மையான பல் துலக்கியாலும் பல்குத்தும் குச்சியாலும் மண்ணை மட்டும் தள்ளுங்கள். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். வெளிர்பச்சை நிறத்தில் மாவு போலப் பொடி உதிர்ந்தால் அது சாதாரணக் களிம்பு இல்லை, வெண்கல நோய். காசுக்குள் இருக்கும் குளோரைடு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்கிச் செம்பைத் தின்கிறது, தின்றதிலிருந்து மறுபடி அமிலம் உண்டாகிறது. அந்தக் காசை உடனே தனியே பிரித்து, பொடியைக் குச்சியால் அகற்றி, நீரை மாற்றி மாற்றி நீண்ட நாள் ஊறவைத்து, நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இது இரட்டிப்பு முக்கியம். மலிவான பிவிசி உறைகளையும் தவிருங்கள், நாளாக நாளாக அவற்றிலிருந்து அமிலம் கசியும்.

இனி முதல் பிரிப்பு. எல்லாக் காசுகளையும் பரப்பி மூன்று குவியலாக்குங்கள். பின்பக்கம் நடுவில் ஒரே ஒரு பெரிய எழுத்து (அல்லது இரண்டு எழுத்து) உள்ளவை முதல் குவியல். எழுத்து இல்லாத தட்டையான காசுகள் இரண்டாவது. கிண்ணம் போல வளைந்தவை மூன்றாவது. 20 மி.மீ.க்கு உட்பட்ட காசுகளில் முதல் குவியல் பெரும்பாலும் 6, 7ஆம் நூற்றாண்டு, மூன்றாவது 11ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பிந்தையது. சிக்கல் எல்லாம் இரண்டாவது குவியலில்தான்.

எழுத்துக் குவியலைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வரலாறு வேண்டும். 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் கீழை ரோமப் பேரரசில் சில்லறையாக இருந்தது நும்மஸ் என்ற காசு மட்டுமே. 8 முதல் 10 மி.மீ. விட்டம், எடை ஒரு கிராமுக்கும் குறைவு. ஒரு தங்கக் காசுக்கு ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது. 498இல் பேரரசர் அனஸ்தாசியஸ் இதன் மடங்குகளை வெளியிட்டார். 40 நும்மஸுக்கு எம், 20க்கு கே, 10க்கு ஐ. இவை கிரேக்க எண்கள்: கிரேக்கத்தில் மியூ 40, காப்பா 20, அயோட்டா 10. 512இல் எடைகளை இரட்டிப்பாக்கியபோது 5 நும்மஸுக்கு எப்சிலன், அதாவது ஆங்கில 'ஈ' வடிவம், சேர்ந்தது. பின்னால் சில அக்கசாலைகளில் லத்தீன் எண்களும் வந்தன. எக்ஸ் ஒன்று என்றால் 10, இரண்டு என்றால் 20.

எழுத்து மதிப்பைச் சொல்கிறது, எழுத்தோடு எடை சேர்ந்தால் காலம் கிடைக்கிறது. 2.2 கிராம் காசில் 'ஐ' இருந்தால் அது 498-512 காலத்தின் சிறு எடைக் காசாக இருக்க வாய்ப்பு அதிகம். அதே 2.2 கிராமில் 'ஈ' இருந்தால் 512க்குப் பிந்தையது. 'கே' எழுத்துக் காசு 4, 4.5 கிராம்தான் என்றால், பக்கவாட்டு முகமும் இருந்தால், அனஸ்தாசியஸின் முதல் கட்டம். 9 கிராம் என்றால் பின்னையது. எம் எழுத்துக் காசே 8-9 கிராமில் தொடங்கி, 512இல் 17-18 கிராமாகி, பேரரசர் ஜஸ்டினியன் 538-539இல் கொண்டுவந்த மாற்றத்தில் 20 கிராமைத் தாண்டி, பிறகு ஒவ்வொரு ஆட்சியிலும் இறங்கி, 7ஆம் நூற்றாண்டு நடுவில் இரண்டாம் கான்ஸ்டன்ஸ் காலத்தில் 3-5 கிராமுக்கு வந்துவிட்டது. எனவே 18 மி.மீ. காசில் எம் கிடைத்தாலும் வியக்க வேண்டாம். கான்ஸ்டன்ஸ் காசுகள் பல, பழைய பெரிய காசுகளைத் துண்டாக வெட்டி அதன் மேலேயே மறுபடி அடித்தவை. மூலைகள் நேர்கோடாக இருக்கும், பழைய உருவம் புதியதன் அடியில் தெரியும். முன்பக்கம் நீண்ட சிலுவையும் உருண்டையும் ஏந்தி நிற்கும் பேரரசர், சுற்றிலும் 'என் டூட்டோ நிக்கா', அதாவது 'இதனால் வெல்' என்ற கிரேக்கச் சொற்களின் சில எழுத்துகள், பின்பக்கம் சிறிய எழுத்து வடிவ எம். இது கிடைத்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

உங்கள் பொட்டலத்தில் அதிகம் இருக்கப்போவது 'ஈ' காசுகள், அதாவது பென்டநும்மியம். 12 முதல் 16 மி.மீ., ஒன்றரை முதல் இரண்டரை கிராம். எழுத்து கோணமாக ஈ போலவும் இருக்கும், வளைந்து பிறை நடுவே கோடிட்டது போலவும் இருக்கும். முதல் குழப்பம்: பக்கத்தில் இன்னொரு சின்ன எழுத்து இருக்கும். ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா, எப்சிலன் ஆகிய ஐந்தில் ஒன்று. அது கான்ஸ்டாண்டிநோபிளின் ஐந்து பட்டறைகளில் எது அடித்தது என்பதற்கான குறி, மதிப்பு அல்ல. ஐந்தாவது பட்டறையின் குறியும் 'ஈ' தான். ஆகவே 'ஈ' தெரிந்தவுடன் 5 நும்மஸ் என்று முடிவு செய்யாதீர்கள். அது காசின் உயரம் முழுவதையும் நிரப்புகிறதா, ஓரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஓரத்தில் என்றால் நடுவில் இருந்த கே அல்லது எம் தேய்ந்திருக்கலாம்.

அடுத்து முன்பக்கம். முகமே இல்லாமல், பல எழுத்துகளைப் பின்னிய ஒற்றைக் குறி இருந்து, பின்பக்கம் பெரிய ஈயும் வலப்பக்கம் பட்டறை எழுத்தும் இருந்தால், அது இரண்டாம் ஜஸ்டினின் (565-578) கான்ஸ்டாண்டிநோபிள் காசு. சந்தையில் மிக எளிதில் கிடைப்பதும், தேய்ந்தாலும் உறுதியாகச் சொல்லக்கூடியதும் இதுவே. பின்பக்கம் ஈக்குப் பதில் இரண்டு தூண்களுக்கு இடையே உட்கார்ந்த பெண், அவள் காலடியில் நீந்தும் உருவம், ஓரத்தில் திரும்பிய ஈ இருந்தால், அது முதலாம் ஜஸ்டினின் (518-527) அந்தியோக்கியா காசு. பெண் அந்த நகரத்தின் தெய்வமான டைக்கி, நீந்துவது ஒரோன்டிஸ் ஆறு. கிறித்தவப் பேரரசில் இவ்வளவு காலம் தாழ்த்தி ஒரு நகரத் தெய்வம் காசில் இருப்பதே இந்தச் சின்னச் செப்பைப் பொக்கிஷமாக்குகிறது. பெரும்பாலும் மிக மோசமாகத் தேய்ந்தே கிடைக்கும். இரண்டு செங்குத்துக் கோடுகளும் நடுவில் ஒரு குவியலும் தெரிந்தால் போதும்.

'ஐ' காசில், அதாவது டெகாநும்மியத்தில், படிக்கக் கூடுதல் விஷயம் உண்டு. ஜஸ்டினியனின் 12ஆம் ஆட்சியாண்டு முதல் (538-539) காசுகளில் ஆண்டு வந்தது. ஐயின் இடப்பக்கம் 'அன்னோ' என்ற சொல் மேலிருந்து கீழாக நான்கு எழுத்தில், வலப்பக்கம் ஆண்டு எண், கீழே அக்கசாலை. கணக்கு எளிது: ஆட்சிக்கு வந்த ஆண்டோடு காசின் எண்ணைக் கூட்டி ஒன்றைக் கழியுங்கள். ஜஸ்டினியன் 527. காசில் 20 என்றால் 546-547. இரண்டாம் ஜஸ்டின் 565, மாரிஸ் 582, போக்காஸ் 602, ஹெராக்ளியஸ் 610. 6 என்ற எண்ணை மட்டும் ரோம முறையில் வீ, ஐ என்று எழுதாமல் எஸ் போல வளைந்த ஒற்றைக் குறியால் எழுதினார்கள். அதை 5 என்று படித்து ஓராண்டு தவறுவது வழக்கமான பிழை. எண்ணின் நீளமே ஆளைக் காட்டவும் செய்யும். 30க்கு மேற்பட்ட ஆண்டு என்றால் 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியனைத் தவிர வேறு யாருக்கும் பொருந்தாது.

அக்கசாலைப் பெயர் கோட்டுக்குக் கீழே, மூன்று நான்கு எழுத்தில் இருக்கும். சி-ஓ-என் என்றால் கான்ஸ்டாண்டிநோபிள். என்-ஐ-கே என்று தொடங்கினால் நிக்கோமீடியா. கே-வி-இசட் என்றால் கிஸிக்கஸ். டி-ஈ-எஸ் என்றால் தெசலோனிக்கா, இரண்டாம் ஜஸ்டின் காலத்தில் அங்கிருந்து கே காசுகள் ஏராளமாக வந்தன. கே-ஏ-ஆர் அல்லது சி-ஏ-ஆர் கார்த்தேஜ். சி-ஏ-டி சிசிலியின் கட்டானியா. அந்தியோக்கியாவுக்குத் தனிக் கதை. 526இலும் 528இலும் வந்த நிலநடுக்கங்களில் நகரம் சிதைந்தபின் 'கடவுளின் நகரம்' என்ற பொருளில் தியூபோலிஸ் என்று பெயர் மாற்றினார்கள். எனவே ஏ-என்-டி என்றால் மாற்றத்துக்கு முன், வட்டத்துக்குள் கோடிட்ட தீட்டாவில் தொடங்கினால் பின். திபேரியஸ், மாரிஸ் காலத்து அந்தியோக்கியா காசுகளில் முன்பக்க எழுத்து உங்கள் கண்ணுக்குப் பிதற்றலாகத் தெரிந்தால் தவறு கண்ணில் இல்லை, அச்சில்தான். எழுத்துகளைத் தாறுமாறாகவே வெட்டினார்கள். அங்கே உடையைப் பாருங்கள். கையில் சுருட்டிய துணியும், கழுகு முனை கொண்ட செங்கோலும், மூன்று இதழ் கொண்ட முடியும் இருந்தால் அந்தப் பட்டறைதான்.

எழுத்து எம், கே, ஐ, ஈ ஆகிய நான்கில் எதுவும் இல்லை என்றால் பயப்படாமல் எகிப்தின் அலெக்ஸாந்திரியாவையும் தெசலோனிக்காவையும் நினையுங்கள். அலெக்ஸாந்திரியா வேறு கணக்கில் அடித்தது. ஐயும் பீயும் (அயோட்டா, பீட்டா) இருந்தால் 12 நும்மஸ், நடுவே சிலுவை. 6க்கு வளைந்த ஒற்றைக் குறி, 3க்குக் கீழ்க்கோடில்லாத காமா. இந்தக் காசுகளின் உடல்வாகே அடையாளம்: 15-18 மி.மீ. தான், ஆனால் தடித்து, ஓரம் சரிந்து, சின்னக் கருங்கல் துண்டு போல இருக்கும். ஒரே வகைக்குள்ளேயே எடை பெருமளவு மாறும், எடையை வைத்து இங்கே காலம் சொல்ல முயலாதீர்கள். பாரசீகர்கள் 619 முதல் 629 வரை நகரைப் பிடித்து வைத்திருந்தபோதும் 12 நும்மஸ் காசு நிற்கவில்லை. அப்போதைய காசில் முகத்தின் இருபுறமும் நட்சத்திரமும் பிறையும் இருக்கும். தெசலோனிக்காவில் ஜஸ்டினியன் காலத்தில் 16, 8, 4, 3, 2 என்று வரிசையே இருந்தது. பின்பக்கம் எட்டா (எச் வடிவம்) இருந்தால் 8, டெல்டா முக்கோணம் இருந்தால் 4. ஆனால் எச் எழுத்து கிரீமியாவின் கெர்சோனிலும் வரும், அங்கே அது 8 பென்டநும்மியம், அதாவது 40 நும்மஸ். எடை உடனே பிரித்துக் காட்டிவிடும்.

இனி நும்மஸ். 10 மி.மீ.க்கு உட்பட்ட துணுக்குகள். இவற்றில் பொறுமைதான் கருவி. நிற்கும் அல்லது படுத்த சிங்கம் தெரிந்தால் முதலாம் லியோ (457-474), தன் பெயரையே படமாக்கிக்கொண்டார். மாலைக்குள் பின்னிய எழுத்துக்குறி என்றால் மார்சியன், லியோ, ஜீனோ, அனஸ்தாசியஸ் நால்வரில் ஒருவர். குறியின் செங்குத்துக் கோடுகள் எத்தனை, அவற்றை இணைக்கும் சாய்கோடு எந்தப் பக்கம், மேலே தனி எழுத்து உண்டா என்று தாளில் பெரிதாக வரைந்து, பிறகு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். அட்டவணையை முதலில் பார்த்துவிட்டுக் காசைப் பார்த்தால் கண் விரும்பியதைக் காணும். பின்பக்கம் வி-ஓ-டி என்ற எழுத்துகளும் கீழே எக்ஸ், ஐக்களில் ஒரு ரோம எண்ணும் இருந்தால் ஜஸ்டினியன் கார்த்தேஜைக் கைப்பற்றியபின் அங்கே அடித்தது. அதே வட ஆப்பிரிக்க மண்ணிலிருந்து அதற்கு முன் அங்கே ஆண்ட வாண்டல் அரசர்களின் நும்மஸும் கலந்தே வரும். முகமும் பின்பக்கமும் அற்ற வெறும் மொட்டைத் துணுக்குகளுக்கு எடை எழுதி உறையில் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. விற்பவர்கள் 'பைசாந்தியம்' என்று சொல்லும் சின்னக் காசுகளில் பெரும்பங்கு அதற்கு முந்தைய 4ஆம் நூற்றாண்டு ரோமக் காசுகள். ஈட்டியால் குதிரை வீரனைக் குத்தும் சிப்பாய், கொடிக்கம்பத்தின் இருபுறம் நிற்கும் இரண்டு சிப்பாய்கள், கைதியை இழுத்துச் செல்லும் சிறகுள்ள வெற்றித் தேவதை ஆகிய மூன்றில் எது தெரிந்தாலும் அந்தக் காசை எடுத்துத் தனியே வையுங்கள். தமிழ் வாசகர்களுக்கு இது நேரடியாகத் தொடர்புள்ள விஷயம்: கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலும் மதுரைப் பக்கத்திலும் இலங்கையின் பல இடங்களிலும் கிடைக்கும் ரோமச் செப்புக்காசுகள் இந்த 4, 5ஆம் நூற்றாண்டு வகைகள்தான். இலங்கையில் அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே அடித்த போலிப்படிகளும் ஏராளம். அவற்றில் எழுத்துக்குப் பதில் வெறும் கோடுகளே இருக்கும். ஆற்றில் கிடைத்த காசு என்று யாராவது 'ஜஸ்டினியன் செப்பு' என்று காட்டினால், பின்பக்கத்தில் மதிப்பெழுத்து உண்டா என்று முதலில் கேளுங்கள். கிடைத்த இடத்தைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். இடம் தெரியாத காசுக்கு வரலாற்று மதிப்பு பாதிதான். இந்திய மண்ணில் கிடைத்த தொல்பொருளை உரிமமின்றி வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருவதில்லை.

எழுத்தில்லாத தட்டைக் காசுகளில் மேற்சொன்னவை கழிந்தால் மிஞ்சுவதில் பெரும்பகுதி 12ஆம் நூற்றாண்டை ஒட்டி ஆண்ட கொம்னினோஸ் வம்சத்தின் காலம். 1092இல் முதலாம் அலெக்சியஸ் நாணய முறையை முழுதாக மாற்றியமைத்தார். அதில் சிறிய செப்பு, டெட்டார்டெரான். தட்டை, 16-22 மி.மீ., சுமார் 3 முதல் 5 கிராம். அதன் பாதியான அரை டெட்டார்டெரான் 1.5 முதல் 2.5 கிராம். மதிப்பெழுத்து கிடையாது. ஒரு பக்கம் கிறிஸ்து, மரியாள் அல்லது ஒரு புனிதர், மறுபக்கம் நேர்முகமாகப் பேரரசர், கையில் கொடிக்கோலும் சிலுவை உருண்டையும். இங்கே தலைப்பக்கத்துப் புனிதரே ஆளைச் சொல்லிவிடுவார். சுருள்முடியும் ஈட்டியும் கவசமுமாக இளைஞர் மார்பளவு இருந்து, ஓரத்தில் 'கியோர்கியோஸ்' (புனித ஜார்ஜ்) என்ற பெயரின் எழுத்துகள் செங்குத்தாகச் சிதறியிருந்தால், மிகப் பெரும்பாலும் மானுவேல் (1143-1180). சிறகுள்ள தூதர் மிக்கேல் மார்பளவு என்றால் இரண்டாம் ஐசக். பேரரசர் முகத்தில் இரண்டாகப் பிளந்த நீண்ட தாடி என்றால் முதலாம் அந்திரோனிக்கஸ் (1183-1185). டெல்டாவில் தொடங்கும் 'தெஸ்போத்தீஸ்' என்ற பட்டத்தைப் பெயர் என்று எண்ணிவிடாதீர்கள், அது எல்லார் காசிலும் வரும். கிண்ண வடிவக் காசுகள் இதே மாற்றத்தின் பிள்ளைகள்தான். 1204க்குப் பிறகு லத்தீன்களும் (கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்த மேற்கு ஐரோப்பியர்) பல்கேரியர்களும் அவற்றைச் சிறிதாக்கியும் ஓரம் வெட்டியும் நகலெடுத்தார்கள் என்பதால் 20 மி.மீ.க்கு உட்பட்ட கிண்ணக் காசில் படம் பழைய பேரரசருடையதாக இருந்தாலும் அடித்தவர் வேறாக இருக்கலாம்.

8, 9ஆம் நூற்றாண்டுகளுக்கு உங்கள் பொட்டலத்தில் இடம் குறைவு. அப்போது தலைநகரில் சின்னச் செப்பு அருகிவிட்டது. விதிவிலக்கு இரண்டு. சிசிலியின் சிராக்கூஸில் 878இல் அரேபியர் பிடிக்கும் வரை 2-4 கிராம் எடையில், ஒழுங்கற்ற சின்ன ஃபாலிஸ்கள் (எம் காசின் வழிவந்த செப்புக்காசுகள்) வந்தன. மீசை தாடியுடன் ஒருவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம் என்று இருப்பது வழக்கம். கெர்சோனில் 9, 10ஆம் நூற்றாண்டுகளில் அடிக்காமல் வார்ப்பில் ஊற்றிய காசுகள். ஒரு பக்கம் பீ போன்ற ஒற்றை எழுத்து அல்லது பின்னல் குறி, மறுபக்கம் படிகள் மேல் சிலுவை. ஓரத்தில் வார்ப்புத் தழும்பு இருப்பதைப் பார்த்துப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள், இந்த ஊருக்கு அதுவே இயல்பு.

முகப்பில் பைசாந்தியப் பேரரசர், பின்னால் சிறிய எம், ஆனால் பக்கத்தில் அரபு எழுத்து என்றால், அது 7ஆம் நூற்றாண்டுச் சிரியாவில் அரேபியர் ஆட்சியில் வந்தது. ஹிம்ஸ் நகரத்துக் காசில் கிரேக்கத்தில் 'காலோன்', அரபியில் 'தய்யிப்' என்று இரண்டு மொழியிலும் 'நல்லது' என்று எழுதியிருப்பார்கள். காசு செல்லும் என்பதற்கு இதைவிட எளிய உறுதிமொழி இருக்க முடியாது.

இவ்வளவும் ஆனபின் பெயருக்கு வாருங்கள், இப்போது இரண்டு எழுத்தே போதும். ஜஸ்டினா ஜஸ்டினியனா என்ற நிரந்தரக் குழப்பத்துக்கு, தலைக்கு வலப்பக்கம் எழுத்து எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். 'ஏ-என்-வி-எஸ்' என்றால் ஜஸ்டினியன், நேரே 'என்-வி-எஸ்' என்றால் ஜஸ்டின். முதலாம் ஜஸ்டினா இரண்டாமவரா என்பதைப் பெயர் சொல்லாது, ஆண்டு சொல்லும். 'அன்னோ' இருந்தால் இரண்டாமவர். பேரரசரும் அரசி சோஃபியாவும் சேர்ந்து அமர்ந்திருந்தாலும் அவரே.

ஒரு மாதிரி. எடை 2.04 கிராம், விட்டம் 14 மி.மீ., முன்பக்கம் பின்னல் குறி, பின்பக்கம் பெரிய ஈ, வலப்பக்கம் பீட்டா: இரண்டாம் ஜஸ்டின், 5 நும்மஸ், கான்ஸ்டாண்டிநோபிள், இரண்டாம் பட்டறை, 565-578. ஓர் எழுத்துப் பெயரும் படிக்காமல் முழு விவரமும் வந்துவிட்டது. இன்னொன்று: 5.8 கிராம், 17 மி.மீ., தடிமன், பின்பக்கம் ஐ, சிலுவை, பீ, முன்பக்கம் வலப்புறம் நோக்கிய முகம், எழுத்து இல்லை. அலெக்ஸாந்திரியா, 12 நும்மஸ், பெரும்பாலும் 6ஆம் நூற்றாண்டு. அதோடு நிறுத்துங்கள். ஜஸ்டினியன் காலம் முதல் பல பேர் இதே வடிவத்தில் அடித்திருக்க, விருப்பப்பட்ட ஒருவர் பெயரை எழுதிவைப்பது அடுத்து அந்தக் காசைப் பார்ப்பவரைத் தவறான வழியில் அனுப்பும்.

இனம் காண முடியாத காசுகளைப் பிறரிடம் காட்டிக் கேட்கும்போது, கிராமில் எடை, மி.மீ.யில் விட்டம், இரு பக்கப் படம் மூன்றும் சேர்த்து அனுப்புங்கள். படத்தை நனைத்து ஒன்று, உலர்த்திப் பக்க ஒளியில் ஒன்று என எடுங்கள். சிலுவை தெரிந்தால் அது மேலே வரும்படி காசைத் திருப்பி வையுங்கள், தலைகீழான எம் டபிள்யூ ஆகத் தெரியும், திரும்பிய ஈ 3 ஆகத் தெரியும். வாஷிங்டனில் உள்ள டம்பார்டன் ஓக்ஸ் நிறுவனத்தின் பைசாந்தியக் காசுத் தொகுப்பை இணையத்திலேயே பார்க்கலாம். தேய்ந்த காசை அங்கே உள்ள நல்ல காசோடு ஒப்பிடும்போது முகத்தை விட்டுவிட்டு, எழுத்துக்கும் விளிம்புக்கும் இடையே உள்ள சின்னக் குறிகள், அதாவது நட்சத்திரம், சிலுவை, பிறை எங்கே நிற்கின்றன என்று ஒப்பிடுங்கள். முகம் எல்லாத் தேய்ந்த காசிலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.